பேர்ள் அக்கா அடியில் இருக்கிறார்

"கொஞ்சம் பொறுங்கோ, இஞ்ச ஏதோ ஒண்டு தொங்குது" என்கிறார் பேர்ள் அக்கா. ஆள் தெரியவில்லை. கேரவனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் கறுப்புக் காலுறை, மற்றதில் சாம்பல் நிறம். உள்ளே டக், டக் என்று விரல் முட்டியால் தட்டும் ஓசை. தேங்காய் வாங்குகிறவரைப்போல ஓரிடத்தில் தட்டி, ஒரு சாண் தள்ளி மறுபடி தட்டுகிறார். ஓசை மாறுகிற இடத்தில் கை நின்றுவிடுகிறது. "இது என்ன கோதாரி" என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். வெளியே நிற்கும் வண்டிக்காரர், பணி ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரர், தன் மனைவியைக் கவலையோடு பார்க்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தொனி மட்டும் எப்படியோ புரிந்துவிடுகிறது.

காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் வீட்டுவண்டிதான் கேரவன். பேர்ள் அக்காவின் வாயில் அது 'கரவன்'. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள அந்த வண்டிக்கு உள்ளே அவருக்கு வேலையில்லை. கூரைக்கும் ஏறமாட்டார். "மேல எண்டா என்னை விடுங்கோ. ரெண்டு படி ஏறினாத் தலை சுத்தும்" என்பார். நெடுஞ்சாலையில் கிடக்கும் கல், கம்பி, லாரியிலிருந்து உரிந்து விழுந்த டயர்த் துண்டு போன்றவை வண்டியின் அடிப்பக்கத்தை அடித்துக் கிழித்துவிடும். அதைச் சரிசெய்வது மட்டும்தான் அவர் தொழில். கறுப்புப் பிளாஸ்டிக் தகடு, இரும்புப் பட்டைகளில் தொங்கும் தண்ணீர்த் தொட்டி, குழாய்கள், வயர்கள், இவற்றுக்குக் கீழே முகத்துக்கு ஒரு முழ இடைவெளியில் நாளெல்லாம் கிடப்பார். காஸ் குழாயில் மட்டும் கை வைக்கமாட்டார். அதற்கு உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடச் சொல்லிவிடுவார்.

தலையில் மஞ்சள் நிற நீச்சல் தொப்பி. மகள் பிறின்சி பள்ளிக்கூடத்தில் நீச்சல் பழகிய காலத்தில் வாங்கியது. மண்ணும் பஞ்சும் முடியில் விழாமலிருக்க அதைவிட நல்லது எதுவும் இல்லை என்பது அவர் கட்சி. முதுகுக்குக் கீழே ஒரு டிவி வந்த அட்டைப்பெட்டி, பிரித்து விரித்தது. கையுறை வலது கைக்கு மட்டும். இடது கையால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பதால் அது வெறுங்கை. வெளியே வந்தால் அதிகம் பேசாத பெண். அடியில் போய்விட்டால் பேச்சு நிற்காது, அதுவும் தமிழில்தான் வரும். கணவர் யேசுராசா அண்ணன் பக்கத்தில் குந்தியிருந்து டார்ச் அடித்துக்கொண்டு, கேட்கும் கருவியை எடுத்துக் கொடுத்துக்கொண்டு, மனைவி சொல்வதில் தேவையானதை மட்டும் வண்டிக்காரருக்கு ஆங்கிலத்தில் சொல்வார். 'கோதாரி' போன்ற திட்டுகளை மொழிபெயர்ப்பதில்லை.

இருவரும் மன்னார்க்காரர்கள். பிளாக்டவுனில் எங்கள் பக்கத்து வீடு. நான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள், மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அண்ணன் ஊரில் மீன் லாரி ஓட்டியவர். இங்கே வந்து கேரவன் கட்டும் ஒரு பட்டறையில் இருந்தார். பட்டறை மூடியதும் வீடு வீடாகப் போய்ப் பழுது பார்க்கத் தொடங்கினார். தோள்பட்டை ஒருநாள் பிடித்துக்கொண்டது. குனிந்து அடியில் நுழைய முடியவில்லை. அன்றைக்குக் கூடப் போயிருந்த அக்கா, "விடுங்கோ, நான் பாக்கிறன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். அதுவரை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவர். அதன்பிறகு அங்கே திரும்பிப் போகவில்லை.

அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு முறை தண்ணீர் ஒழுகும் இடத்தைத் தேடி வண்டியின் அடித்தகடு முழுவதையும் கழற்றிப் போட்டார். கடைசியில் பார்த்தால் உள்ளே அடுப்படிக் குழாய் இறுக்கமாக மூடப்படாமல் இருந்திருக்கிறது. எந்த வேலைக்குப் போனாலும் முதலில் சொல்வது "விளங்கேல்லை" என்ற ஒரு சொல்தான். அதைக் குறையாகச் சொல்லமாட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவுகிறவரைப்போல, வேலைக்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டு நுழைவார். அடியிலிருந்து எடுத்து வரும் பொருள்களை, ஒற்றைச் செருப்பு, முள்வேலிக் கம்பி, ஒரு பறவையின் இறக்கை, எதுவானாலும், வண்டிக்காரரிடம் நீட்டி "இது உங்கடையோ?" என்று கேட்பார். அவர்கள் இல்லையென்று தலையாட்டினால் மனம் குறைந்தவராக அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எங்கிருந்து வந்தது, யார் விட்டது என்று தெரியாமல் எதையும் குப்பையில் போட அவருக்கு மனம் வராது.

இந்த ஆண்டு ஈஸ்டருக்குப் பிறகு அவர் வேறு ஆளாக இருந்தார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஈஸ்டருக்குத் தங்கள் சொந்தக் கேரவனை ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு மெல்பர்ன் பக்கம் டார்னெய்ட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்த மறுநாள் காலை, வேலியோரம் நின்று அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"நான் நித்திரையாப் போனன் பத்மா. யாஸ் எண்ட ஊர் தாண்டினது தெரியும். பிறகு படார் எண்டு ஒரு சத்தம். காலுக்குக் கீழ நிலம் உதறின மாதிரி. நான் பதறி எழும்பி, என்னப்பா, என்ன அடிச்சது எண்டு கேக்கிறன். இவர் நேரே பாத்துக்கொண்டு ஓடுறார். என்ன சத்தம் எண்டு என்னைத் திருப்பிக் கேக்கிறார்."

"அண்ணனுக்குக் கேக்கலையா?"

"கேக்கேல்லையாம். நீர் கனவு கண்டிருப்பீர் எண்டு சொன்னார். பட்டப்பகல். ரேடியோவும் போடேல்லை."

அடுத்த ஓய்விடத்தில் பிடிவாதமாக நிறுத்தச் சொல்லியிருக்கிறார். சரளைக் கல்லில் படுத்துப் பார்த்தால், அடித்தகடு பாதிக்கு மேல் கிழிந்து தொங்குகிறது. தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. பிரேக் வயர் ஒன்று அறுந்து ஆடுகிறது. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு உடனே நிமிர்ந்துகொண்டாராம். பிறகு, "டயர்த் தோலாத்தான் இருக்கும்" என்றாராம். அப்படியானால் கண்டீர்களா என்று கேட்டதற்கு, இல்லை. சத்தமாவது கேட்டதா, இல்லை. தொங்கியதைக் கயிற்றால் கட்டி மெதுவாக உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பங்குச் சுவாமியார் விசாரித்தபோது அண்ணன், கங்காரு என்றார். மருமகன் அனோஜிடம் போனில், கல்லு என்றார். அக்கா பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு அடிக்கு மூண்டு கதை" என்று என்னிடம் சொன்னார். "பொய் சொல்லுற மனிசன் இல்லை பத்மா. அதுதான் எனக்கு விளங்கேல்லை."

இந்த 'விளங்கேல்லை' பழைய விளங்கேல்லை அல்ல. அதில் ரசனை இல்லை. அண்ணன் ஹரிஸ் பார்க்கில் கடைக்குப் போய் ஜீப்பை நிறுத்திய தெருவை மறந்து தேடியது, தேநீருக்கு இரண்டு முறை சர்க்கரை போட்டது, பேரப்பிள்ளையை மகள் பெயரால் கூப்பிட்டது என்று, எல்லா வீட்டிலும் நடக்கிற சின்ன விஷயங்களை அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்க்கத் தொடங்கினார். போனில் பிறின்சி, "அம்மா, டாடி இனி டிரைவ் பண்ணக் கூடாது. ஜஸ்ட் டேக் த கீஸ்" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அது எளிது. அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அண்ணன் ஓட்டாவிட்டால் எந்த வீட்டு வாசலுக்கும் போய் அடியில் படுக்க முடியாது. ஆனால் அவர் பயந்தது தொழிலுக்காக மட்டும் இல்லை. "சாவியைத் தாங்கோ எண்டு நான் என்னண்டு கேப்பன்?" என்றார். "லொறியில ஒரு கீறல் விழாம ஓடின மனிசன்."

மற்றவர்கள் வண்டியை ஒரே நாளில் முடிக்கிறவர், தன் வண்டிக்கு அடியில் நாள் கணக்கில் கிடந்தார். ரிவெட் ஆணி அடிக்கும் சத்தமில்லை, தகடு வெட்டும் சத்தமில்லை. பேச்சும் இல்லை. பழுது பார்க்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்தக் கீறல்களிலிருந்து எது அடித்தது என்று தெரிந்தால், கணவர் அதைக் கண்டிருக்க முடியுமா முடியாதா என்றும் தெரிந்துவிடும். சின்னக் கல் என்றால் யாருமே பார்த்திருக்க முடியாது. அப்படியிருந்துவிட வேண்டும் என்று அவர் விரும்பினார். அண்ணனோ அந்தப் பக்கமே வரவில்லை. முன்வாசலில் நின்று, விழாத இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். டார்ச் பிடிக்க நான் போனேன்.

ஒரு மாலை அக்கா அடியிலிருந்து வெளியே வந்த வேகத்தில் தலை வண்டி விளிம்பில் இடித்தது. அதை அவர் கவனிக்கவில்லை. இடது கையை நீட்டினார். விரல்களுக்கிடையே சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கொத்து.

"பட்டையின்ர போல்ட்டில சுத்திக் கிடந்தது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் ஆஸ்பத்திரியில வேலை. சொல்லுங்கோ. இது மிருகத்தின்ர மயிரோ, மனிசற்ர மயிரோ?"

நான் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். "முடி மாதிரிதான் இருக்கு. ஆனா பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியலைக்கா."

"நான் எல்லா இரும்பையும் துடைச்சுப் பாத்திட்டன்" என்றார். சமையலறையிலிருந்து வெள்ளைத் துணி கொண்டுபோய், ஒவ்வொரு பட்டையையும் ஒவ்வொரு மூலையையும் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். என்ன நிறத்தைத் தேடினார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "மண்ணும் கறளும்தான்" என்றார். கறள் என்றால் துரு. சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் பார்த்தார். அண்ணன் இலை கூட்டும் சத்தம் கேட்டது.

மறுநாள் மதிய இடைவேளையில் அந்தக் கொத்திலிருந்து சிலவற்றை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். என் வேலை ரத்தத்தோடுதான். இருந்தாலும் என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் அளவுக்குத் தெரியும். முடியில் மேலே மீன்செதில்போல வரிகள் இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. கண்ணாடிக் கம்பிபோல வழவழப்பாக இருந்தது. உடனே போன் செய்தேன்.

"அக்கா, இது முடி இல்ல. நூல். செயற்கை நூல்."

"நல்லாப் பாத்தனீங்களோ?"

"திரும்பத் திரும்பப் பார்த்தேன்."

"மாதாவே" என்றார். மூச்சு விட்டது கேட்டது. கொஞ்சம் கழித்து, "அப்ப அது என்ன கோதாரி?"

அந்தச் சனிக்கிழமை, ஓட்டை விழுந்த தொட்டியை மாற்றுவதற்காக அதைக் கீழே இறக்கினார். நானும் ஒரு பக்கம் தாங்கினேன். தொட்டிக்கும் வண்டியின் தரைப்பலகைக்கும் இடையில் செருகிக் கிடந்தவை அட்டைமேல் விழுந்தன. பைன் மரச் சிம்பு ஒன்று, அதில் வரிசையாக அடித்த சின்ன ஸ்டேப்ளர் ஊசிகள். சாம்பல் துணி கொஞ்சம். கூடவே, அதே துணியால் மூடித் தைத்த, ரூபாய் நாணயம் அளவுள்ள ஒரு பொத்தான். கோட்டுப் பொத்தான் என்று அக்கா சொன்னார். கோட்டுக்குள் மரம் இருக்காதே என்று அவரே மறுத்தார். நாற்காலியாக இருக்குமோ என்றார். நாற்காலியென்றால் ஜீப்பின் முன்பக்கத்தை அல்லவா நொறுக்கியிருக்கும். ஜீப்பில் ஒரு நசுங்கல்கூட இல்லை.

நான் அந்தப் பொத்தானைக் கையில் வைத்துப் பார்த்தேன். தினமும் பார்க்கிற ஒன்று எதிர்பாராத இடத்தில் இருந்தால் பெயர் வர நேரமாகிறது. பிறகு ஒன்றும் சொல்லாமல் அக்காவை என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். நீச்சல் தொப்பியோடு, முழங்கையெல்லாம் மண்ணோடு, என் படுக்கையறை வாசலில் தயங்கி நின்றார். என் கட்டிலைக் காட்டினேன். கட்டிலின் தலைமாட்டில் சுவரோரம் நிற்கும் மெத்தை வைத்த பலகை. சாம்பல் துணி, வரிசையாகக் குழிந்த பொத்தான்கள். நான் வாங்கிய கடையில் எல்லோரும் இந்த நிறத்தைத்தான் வாங்கினார்கள்.

அக்கா கிட்டே போய் இடது கையால் ஒரு பொத்தானைத் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். ஓரத்தில் தடிப்பைப் பிடித்துப் பார்த்தார். நான்கு விரல் தடிப்புத்தான். தரையில் படுத்துக் கிடந்தால் உயரமான ஜீப் அதைத் தாண்டிப் போய்விடும். சக்கரம் ஏறித் தூக்கிவிட்டால் பின்னால் வரும் கேரவனின் வயிற்றில்தான் போய்ச் செருகும். இதெல்லாம் அவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இரண்டு கைகளையும் விரித்து அகலத்தை அளந்தார். கை எட்டவில்லை. விரித்த கைகளோடு அப்படியே நின்றார்.

"இவ்வளவு பெருசு" என்றார். "வெளிச்சம். நேர் ரோட்டு. இவர் காணேல்லை."

என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். விரிப்பில் மண் படுமே என்று வழக்கமாக எழுந்துவிடுகிறவர், அன்று எழவில்லை. எனக்கோ, தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கல் என்று நம்பிக்கொண்டே ஓட்டையை அடைத்திருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து, பொத்தானை எடுத்துக்கொண்டு நேராகத் தன் வீட்டுக் கராஜுக்குப் போனார். என்னையும் வரச்சொல்லிச் சைகை காட்டினார். தனியாகக் கேட்கத் தைரியம் இல்லை போலும். அண்ணன் உள்ளே திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளங்கையை நீட்டினார்.

"இது தண்ணி டாங்கிக்கு மேல கிடந்தது."

அண்ணன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். கையில் எடுத்தார். கவிழ்த்து வைத்த வாளி ஒன்றின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"கட்டில்" என்றார்.

நாங்கள் யாரும் அந்தச் சொல்லை அவரிடம் சொல்லவில்லை. அக்கா என்னைப் பார்த்தார்.

"கட்டில்தானே பேர்ள்? கட்டிலின்ர சாமான்தானே இது?"

"நீங்கள் என்னண்டு அறிவீங்கள்?"

"நான் கண்டனான்."

பிறகு சொன்னார். இடையிடையே நிறுத்தி, பொத்தானைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். ஒரு மேடு ஏறி இறங்கியதும் சாலையில் ஒரு கட்டில் தெரிந்திருக்கிறது. தலைமாடு, அதில் வெள்ளையாக ஏதோ, யாரோ போர்த்துப் படுத்திருப்பதுபோல. வலப்பக்கம் ஒரு லாரி கூடவே வந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் தடுப்பு. பின்னால் கேரவனின் பாரம். திருப்பினால் புரண்டுவிடும். "கையை நேரே பிடிச்சுக்கொண்டு போனன். வேற ஒண்டும் செய்யத் தெரியேல்லை. படார் எண்டு கேட்டது. கண்ணாடியில பின்னால பாத்தா, ரோட்டு வெறுமையாக் கிடக்குது. கட்டிலும் இல்லை, ஒண்டும் இல்லை."

அது கேரவனின் அடியில் செருகிக்கொண்டு கூடவே வந்து, வேறெங்கோ விழுந்திருக்கிறது. அது அவருக்கு எப்படித் தெரியும்?

"ரோட்டில கட்டில் கிடக்குமோ? அதில ஆள் படுத்திருக்குமோ? பின்னால பாத்தா ஒண்டும் இல்லை. அப்ப என்ர தலைதான் பிழைச்சுப் போச்சு எண்டு நினைச்சன். இல்லாததைக் காணத் துடங்கீற்றன் எண்டு நினைச்சன். நீர் எழும்பி என்ன சத்தம் எண்டு கேக்க, நான் என்ன சொல்ல? கட்டிலைக் கண்டனான் எண்டு சொன்னா, நீர் பிறின்சிக்குச் சொல்லுவீர். அவள் சாவியை வாங்கு எண்டு சொல்லுவாள்."

"நானோ, நீங்கள் ஒண்டையும் காணேல்லை எண்டெல்லோ பயந்து கிடக்கிறன்" என்றார் அக்கா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் அழுகையோ சிரிப்போ வந்துவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. அக்காவின் முகம் மெதுவாக மாறியது.

"ஆள் படுத்திருக்குது எண்டு கண்டனீங்கள்."

"ஓம்."

"கண்டும் நிப்பாட்டேல்லை."

அண்ணன் கையிலிருந்த பொத்தானைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, பொலிசுக்கு ஒருக்கா அடிச்சுக் கேளும். எனக்கு இங்கிலிஷ் வரும். கேக்க நாக்கு எழும்பாது."

காவல்துறையின் பொது எண்ணுக்கு நான்தான் பேசினேன். அன்றைய தேதி, இடம் எல்லாம் சொன்னேன். நெடுநேரம் காத்திருக்கவைத்தார்கள். பிறகு ஒரு பெண் வந்து, அன்றைக்கு அந்தப் பக்கம் வீடு மாறிப் போனவர்களின் இழுவை வண்டியிலிருந்து கட்டில் சாமான்களும் படுக்கையும் விழுந்துவிட்டதாகப் புகார் வந்திருக்கிறது, பொறுக்கி எடுத்துவிட்டார்கள், யாருக்கும் காயமில்லை என்றாள். உங்கள் வண்டிக்குச் சேதமா என்று அன்பாக விசாரித்தாள். நான் போனை வைத்துவிட்டுச் சொன்னதும் அண்ணன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா, "அப்ப படுத்திருந்தது தலையணைதான்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு வெளியே போய் அட்டைமேல் படுத்து அடியில் நுழைந்துவிட்டார்.

அன்று இரவு எனக்கு அண்ணன்மேல் கோபப்படுவதா, இரக்கப்படுவதா என்று தெரியவில்லை. இல்லாத ஆள்மேல் வண்டியை ஏற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு, தன் மூளைதான் கெட்டுவிட்டது என்று தேற்றிக்கொண்டு, இத்தனை நாள் இலை கூட்டியிருக்கிறார். மூளை கெட்டிருந்தால் நல்லது என்று ஒருவர் வேண்டிக்கொள்ள முடியுமா? அவர் வேண்டியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். அக்காவோ அதே மூளை நன்றாக இருக்கவேண்டும் என்று வெள்ளைத் துணியோடு அடியில் கிடந்திருக்கிறார்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பழைய வண்டி உடைக்கும் இடத்திலிருந்து வேறு தொட்டி வந்தது. கிழிந்த பிளாஸ்டிக்குக்குப் பதில் அலுமினியத் தகடு வெட்டி ரிவெட் அடித்தார், ஓரங்களுக்குப் பசை பூசினார், வயரை இணைத்தார். அண்ணன் டார்ச்சோடு வந்து பக்கத்தில் குந்தினார். முதல் நாள் அக்கா, 'இடுக்கி', 'துணி' என்ற ஒற்றைச் சொற்களோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு நாள் கழித்து உள்ளேயிருந்து, "இதை ஆர் இப்பிடி வளைச்சு வச்சது, கோதாரி" என்று கேட்டது. அண்ணன், "நான்தான், பட்டறையில இருக்கக்க" என்றார். அதற்குப் பதிலாக ஒரு நீண்ட முணுமுணுப்பு வந்தது. என்னவென்று எனக்குக் கேட்கவில்லை.

மருத்துவரிடமும் போனார்கள். அக்காதான் அழைத்துப் போனார். "கண்டது உண்மை எண்டாலும் ஒருக்காக் காட்டுவம்" என்றார். ஞாபகத்தைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொன்னார்களாம், மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்களாம். கண்ணாடியை மாற்றச் சொல்லி, சில மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்களாம்.

"அப்ப நல்லா இருக்கார்னு அர்த்தமா அக்கா?"

"அதை டொக்டர் சொல்லேல்லை."

"இல்லைன்னு சொன்னாரா?"

"அதையும் சொல்லேல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "விளங்கேல்லை பத்மா" என்றார்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், கேரவனை ஜீப்பில் மாட்டிச் சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். என்னையும் ஏறச் சொன்னார்கள். நான் பின் இருக்கை. அண்ணன் புதுக் கண்ணாடி போட்டிருந்தார். அக்கா கோயிலுக்குக் கட்டிய நீலச் சேலையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் வேகத்தடையில் ஏறி இறங்கினோம். தகடு சிணுங்கவில்லை. பெரிய சாலைக்குத் திரும்பினோம். எல்லாம் சரியாக இருந்தது.

பூங்காவைத் தாண்டியதும் அண்ணன் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினார்.

"ஒரு சத்தம் கேட்டது" என்றார். ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். "உமக்குக் கேட்டதோ?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்காவுக்கும் கேட்டிருக்காது என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. அவர் அண்ணனைப் பார்த்தார். ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. இருக்கைப் பட்டையை அவிழ்த்தார். தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை முழுவதுமாக இறக்கினார். இருக்கையில் ஒரு முழங்காலை ஊன்றி, சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு, தலையும் தோளும் வெளியே போகும்படி சாய்ந்து, காதைத் தரைப் பக்கமாகத் திருப்பி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, கண்ணைத் திறக்காமலே, ஒரு கையை மட்டும் உள்ளே நீட்டி, மெல்லப் போகச் சொல்லி விரல்களை அசைத்தார்.